தம்பிக்கு எழுதிய மதம்

எங்கள் வீட்டில் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் சாமிக்கு, இளையவன் சர்க்காருக்கு என்று அப்பா பங்கு பிரித்தார். நிலம் வைத்திருப்பவர்கள் நிலத்தைப் பிரிப்பார்கள். எங்களுக்கு நிலம் இல்லை, மதத்தைப் பிரித்தார்.

என்னைப் படிக்க அனுப்பியது எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார். திண்டிவனத்தில் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடம், தங்குவதற்குப் போர்டிங். அங்கே என் ஞானஸ்நானப் பெயரையே எழுதி, மதம் என்ற இடத்தில் கிறிஸ்தவன் என்று போட்டார்கள். நாலு வருஷம் கழித்துத் தம்பியின் முறை வந்தது. அதற்குள் காலனியில் விவரம் தெரிந்தவர்கள் அப்பாவிடம் பேசியிருந்தார்கள். அவர் அவனை எங்கள் காலனிக்குப் பக்கத்திலேயே இருந்த ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்குக் கூட்டிப் போனார். என் போர்டிங் இன்னும் திறக்கவில்லை என்பதால் நானும் கூடப் போயிருந்தேன்.

"மதம் என்ன எழுதறது?" என்று தலைமையாசிரியர் கேட்டார்.

"பெரியவனுக்கு வேதம்னு எழுதியாச்சு சார். இவனுக்கு இந்துன்னே போட்டுடுங்க."

"ஞானஸ்நானம் குடுத்துட்டீங்களா?"

"அது கோயில் புஸ்தகத்துல இருக்குது சார். அது வேற புஸ்தகம்."

தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே எழுதினார். பையனுக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று முருகன் பெயர்களில் ஒன்றை அவரே வைத்தார். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் பெயர்தான் நன்றாக இருந்தது என்றுகூட நினைத்தேன்.

எட்டாவது முடிக்கும்போது போர்டிங்கை மூடினார்கள். அரசாங்க ஹாஸ்டலில் இடம் கேட்டு நானும் அப்பாவும் போனோம். வார்டன் என் சான்றிதழைப் பார்த்தார். இந்துவாக இருந்தால் நான் எஸ்.சி., கிறிஸ்தவன் என்பதால் பி.சி. அந்த ஹாஸ்டல் எஸ்.சி. பிள்ளைகளுக்கு. "இங்க இடம் இல்லப்பா, ரூல்ஸ்" என்றார். கெட்ட மனுஷன் இல்லை, தண்ணீர் கொடுத்து அனுப்பினார். ஞானஸ்நானம் வாங்கினால் சாதி போய்விடும் என்று சர்க்கார் நம்புகிறது. ஊர்த் தெருவில் டீக்கடை வைத்திருந்தவர் அப்படி நம்பவில்லை, எங்களுக்கு வேறு டம்ளர்தான் கொடுத்தார்.

அதோடு என் படிப்பு நின்றது. கரும்பு வெட்டினேன். செங்கல் சூளைக்குப் போனேன். திண்டிவனம் பைபாஸில் புரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். போர்வெல் லாரியில் ஏறி ஆந்திரா, ஒடிசா என்று பல வருஷம் ஓடினேன். குழாய் நழுவி இடது கையில் இரண்டு விரல் நசுங்கியது. ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டேன், அவள் என் ஓட்டத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் பிரிந்து போய்விட்டாள். அவள் மேல் தப்பு இல்லை.

தம்பி அதே ஹாஸ்டலில் சேர்ந்தான். புதன்கிழமை முட்டை போடுகிறார்கள் என்று வீட்டுக்கு வந்து சொன்னான். பிறகு பாலிடெக்னிக், அதற்குப் பிறகு விழுப்புரம் ரோட்டில் சொந்தமாக இ-சேவை மையம். ஊருக்கெல்லாம் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவன் அவன்தான். எவ்வளவோ பட்டினியை மறந்துவிட்டேன். அந்த முட்டையை மட்டும் மறக்கவில்லை.

ஆனால் படிப்பும் கடையும் அவனுக்குப் போனதில் எனக்கு இருந்த பொறாமை சின்னப் பொறாமை. பெரியது வேறு. கோயிலில் அவன் ஜெபம் சொன்னால் கிழவிகள் அழுவார்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போகும் வழியில் அவன் கடை வாசலில் வண்டியை நிறுத்தித் தலையில் கை வைக்கச் சொல்வார்கள். சாமிக்கு என்று எழுதிவிட்ட எனக்கு ஜெபம் வரவே இல்லை. கண்ணை மூடினால் போர்வெல் சத்தம்தான் கேட்டது. சர்க்காருக்கு என்று எழுதியவனுக்குச் சாமியும் போய்ச் சேர்ந்தார். என் பங்கையும் அவன் எடுத்துக்கொண்டான் என்றுதான் எனக்குப் பட்டது.

அவன் ஒருவன் மட்டும் இப்படி இல்லை. எங்கள் காலனியில் பாதி வீடு இப்படித்தான். அங்கன்வாடி ஆயா ஆபீஸில் ஒரு பெயர், பூசையில் ஒரு பெயர். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையைத் தூக்குகிற போலீஸ்காரர் சர்வீஸ் புத்தகத்தில் இந்து. குழாயடிச் சண்டையில் எங்கள் ஜனங்கள் எதையும் விட மாட்டார்கள். ஓடிப்போன மகள், திருடின மச்சான், செத்துப்போன தாத்தா எல்லாம் சந்திக்கு வருவார்கள். ஆனால் எவ்வளவு ஆத்திரம் வந்தாலும், "உன் காகிதம் தெரியாதா?" என்று ஒருத்தரும் சொன்னதில்லை. ஒரு வீட்டை இழுத்தால் தெரு முழுக்க அவிழும்.

எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பதவி அந்தத் தடவை எஸ்.சி.க்கு ஒதுக்கப்பட்டது. நான் ஒடிசாவிலிருந்து திரும்பி, அப்பா விட்டுப்போன வீட்டில் கூரைக்குத் தகரம் போட்டுக்கொண்டிருந்த சமயம். தம்பி ஏணிக்குக் கீழே வந்து நின்றான்.

"ண்ணா, நான் நிக்கலாம்னு இருக்கேன்."

"நின்னுக்கினுதான இருக்கற."

"வெளையாடாத. எலக்சன்ல. நீதான் முன்மொழியணும். சொந்த அண்ணன் கையெழுத்துன்னா ஒரு இது."

போட்டேன். நசுங்கின கை இல்லை, நல்ல கையால்தான்.

எதிரில் நின்றவரும் எங்கள் காலனிக்காரர்தான், இந்து. ஊர்த் தெருவில் நிலக்காரர்கள் அவர் பக்கம் இருந்தார்கள். தம்பி அங்கேயும் ஓட்டுக் கேட்கப் போனான். மல்லாட்டை பிடுங்குகிற காலம், வரப்பெல்லாம் கடலைக்கொடி. களத்துமேட்டில் ஒரு பெரியவர் அவன் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டார். அவன் தலை குனிந்து வாங்கிக்கொண்டான். திரும்பும்போது மோட்டார் கொட்டகையில் முகம் கழுவினான். நான் பத்தடி பின்னால் நின்று பார்த்தேன். அதை மனசுக்குள் ஒரு குற்றமாக முடிந்து வைத்துக்கொண்டேன். திருவக்கரைக் காளி கோயில் பௌர்ணமிக்கு ஓட்டல் ஆட்களோடு போய் நானே பொங்கலும் குங்குமமும் வாங்கியிருக்கிறேன். அது கணக்கில் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண்கள் சாமியாரை மடக்கினார்கள்.

"நம்ம கோயில் புள்ள நிக்குது சாமி. பீடத்துல இருந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்மா."

"அப்ப தோத்துப் போவட்டுமா?"

"ஜெயிக்கட்டும். ரோட்டுல நின்னு கேட்டு ஜெயிக்கட்டும். நான் பீடத்துல நின்னு ஓட்டுக் கேட்டா, அடுத்த வருசம் எவன்னா ஒருத்தன் வந்து இன்ன பிரசங்கம் வை சாமின்னு என்கிட்ட கேப்பான். அப்ப முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"நல்லவனுக்காகக் கேட்டாக்கூடவா?"

"நல்லவனுக்காகத்தான்மா முதல்ல கேப்பாங்க."

பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒருத்தி, "எலக்சன் வந்தா மட்டும் இவருக்கு வாயில பிளாஸ்திரி" என்று முணுமுணுத்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாமியார் சொன்னது சரி என்பதால் இல்லை. தம்பிக்குக் கிடைக்காமல் போன ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேட்புமனு போட்ட மறுநாள், எதிர் வேட்பாளரின் மச்சான் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்தார். டீ வாங்கிக் கொடுத்தார்.

"உன் தம்பி வேதக்காரன்னு ஊருக்கே தெரியும். எஸ்.சி. சீட்டுல நிக்க முடியாது. பரிசீலனையில சொன்னா மனு தள்ளுபடி."

"தெரியும்னா நீயே சொல்லேன்."

"நான் எப்படிச் சொல்வேன்? என் சித்தப்பா மவனும் அதே கேஸு. நாங்க சொன்னா காலனியே காறித் துப்பும். அண்ணன் சொன்னா அது குடும்பச் சண்ட. கோயில்ல ஞானஸ்நான நகல் ஒண்ணு வாங்கியாந்து குடு, போதும்." கொஞ்சம் டீ குடித்துவிட்டு, "எங்க ஆளு வந்தா தண்ணி டேங்க் ஆபரேட்டர் வேலை உனக்குத்தான். இன்னும் எத்தினி நாளு லாரியில தொங்கிக்கினு போவ?" என்றார்.

வேலைக்காகப் போனேன் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். வேலைக்காகப் போகவில்லை. அவன் பெயர் கோயில் புத்தகத்தில் இருப்பதை ஒரு காகிதத்தில் என் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் போல இருந்தது. இத்தனை வருஷமாக என்னைத் தடுத்த காகிதம் அவனை ஒரு நாளாவது தடுக்கட்டும் என்று இருந்தது.

சாமியார் அலுவலகத்தில் தனியாக இருந்தார்.

"தம்பியோட ஞானஸ்நான நகல் வேணும் சாமி. அவன்தான் வாங்கியாரச் சொன்னான்."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பெரிய புத்தகத்தை எடுத்து, விரலால் வரியைத் தேடி, கையாலேயே எழுதி, முத்திரை போட்டுக் கொடுத்தார். முத்திரை மை காய்ந்திருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். மச்சான் இரண்டு தடவை போன் செய்தார். "இன்னா ஆச்சு, ஜல்தி" என்றார். கிடைத்துவிட்டது என்றேன். கொடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சாப்பிடும்போதுகூடப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பரிசீலனை ஒன்றிய அலுவலகத்தில் நடந்தது. முன்மொழிந்தவன் என்பதால் என்னையும் உள்ளே விட்டார்கள். தம்பி தன் பைக்கிலேயே என்னை ஏற்றிக்கொண்டு போனான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன், அவனுடைய நகல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது.

அதிகாரி எங்கள் பஞ்சாயத்தின் பெயரைப் படித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். எதிர்ப்பக்கம் முன்மொழிந்தவராக வந்திருந்த மச்சான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவருக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டார்.

"சார், இவரு கிறிஸ்டியன். எஸ்.சி. சீட்டுல நிக்க முடியாது."

"ஆதாரம் இருக்கா?"

"அவங்க அண்ணன்கிட்டயே கேளுங்க சார். ஆதாரம் அவருகிட்ட இருக்குது."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே முன்மொழிஞ்சீங்க? உங்ககிட்ட என்ன இருக்கு?"

என் கை பைக்குப் போனது. போனது உண்மை. எடுப்பதற்குப் போனதா, மூடிக்கொள்ளப் போனதா என்று தெரியவில்லை. அதற்குள் தம்பி எழுந்து ஒரு முத்திரைத்தாளை மேஜை மேல் வைத்தான்.

"சார், இத பாத்துடுங்க."

நோட்டரி முன்னால் எழுதின பிரமாணப் பத்திரம். அதிகாரி உதட்டுக்குள் படித்துக்கொண்டே வந்து, ஒரு வரியை மட்டும் எல்லோருக்கும் கேட்கப் படித்தார். நான் பிறப்பால் இந்து ஆதிதிராவிடர், கிறிஸ்தவ மதத்தை நான் பின்பற்றவில்லை, எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை. கீழே அவன் கையெழுத்து. தாசில்தார் கொடுத்த சாதிச் சான்றிதழையும் பார்த்துவிட்டு, மனு ஏற்கப்பட்டது என்றார். மச்சான் உட்கார்ந்தார். என்னிடம் கேட்ட கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அன்றைக்கு நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்கிற வாய்ப்பையும் அவனே எடுத்துக்கொண்டான்.

எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். தம்பி இரண்டு டீ சொன்னான்.

"பாக்கெட்ல இருக்கறதக் குடு" என்றான்.

கொடுத்தேன். பிரித்துப் பார்த்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சாமியார் போன் பண்ணாரு. நகல அண்ணன்கிட்ட குடுத்து அனுப்பிட்டேன், முத்திர சரியா வுழல, வேணும்னா வந்து மறுபடி போட்டுக்கோன்னாரு. நான்தான் எதுவும் கேக்கலியே. அப்பவே தெரிஞ்சிபோச்சு."

"தெரிஞ்சும் ஏன் என்னக் கூட்டிக்கினு வந்த?"

"முன்மொழிஞ்சவன் நீதான? வேற எவனக் கூட்டிக்கினு வர்றது?" டீயை ஆற்றினான். "இன்னா தர்றன்னாங்க?"

"டேங்க் ஆபரேட்டர்."

"அந்த டேங்க்கு மூணு வருசமா ஒழுவுது. ஆபரேட்டராயி இன்னா பண்ணுவ, கீழ பக்கெட்டு வெச்சிக்கினு குந்தியிருப்பியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை.

"நான் குடுக்கலியேடா" என்றேன்.

"குடுக்கல. குடுத்துடுவன்னு நெனச்சி முந்தாநாளே நோட்டரிகிட்ட போயிட்டேன்." நகலை மடித்தான். "ண்ணா, இந்துன்னு அப்பா சொன்னாரு. வாத்தியார் எழுதுனாரு. தாசில்தார் சீல் வெச்சாரு. இத்தினி வருசத்துல நான் ஒரு எழுத்து எழுதல. கண்ண மூடும்போதெல்லாம் அதத்தான் சொல்லிக்குவேன். நான் எழுதல ஆண்டவரே, எழுதிட்டாங்கன்னு. இனிமே அப்படிச் சொல்ல முடியாது."

"சும்மா ஒரு காகிதம்தானே. காலனியில எல்லாரும்தான்…"

"எல்லாரும் அதுக்குள்ள பொறந்தாங்க. நான் என் கையால எழுதிக் குடுத்தேன். நம்பிக்கை இல்லன்னு." அவன் குரல் உயரவே இல்லை. "வக்கீலு அந்த வரி இல்லாம எழுத முடியாதுன்னாரு. தெரு லைட்டு, சுடுகாட்டுப் பாத, அந்த டேங்க்கு, எல்லாத்தையும் நெனச்சிக்கினேன். போட்டுட்டேன்."

அந்த நகலை நான் வாங்காமல் இருந்திருக்கலாம் என்று சொல்ல நினைத்தேன். மன்னிச்சிடுடா என்று சொல்லவும் நினைத்தேன். டீக்குக் காசு கொடுத்தேன். அவன் நகலைக் கிழிப்பான் என்று எதிர்பார்த்தேன். கிழிக்கவில்லை. பர்ஸில், மனைவி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

அவன் ஜெயித்தான். ஊர்த் தெருவிலும் கொஞ்சம் ஓட்டு விழுந்திருந்தது. எங்கள் வீட்டு வாசலில் வெடி போட்டதில் என் புதுத் தகரத்தில் கருப்புப் புள்ளி விழுந்தது. என்னையும் தோளில் கை போட்டுப் படம் எடுத்தார்கள். தலைவரோட அண்ணன் என்றார்கள். அதுவரை நான் யாருடைய அண்ணனாகவும் படத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் ரோஜா மாலை கட்டி வைத்திருந்தார்கள். கோயிலுக்குள் வேண்டாம், வெளியே போய்ப் போடுங்கள் என்று சாமியார் சொல்லிவிட்டார். பிரசங்கத்தில் தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தம்பி எப்போதும் முன் வரிசையில் பாடல் குழுவோடு இருப்பான். அன்றைக்குக் கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஜெபம் சொல்ல அவனைக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று கையைக் காட்டினான்.

நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் வரிசையில் போனார்கள். அங்கன்வாடி ஆயா போனாள். போலீஸ்காரர் போனார். தம்பி எழவில்லை. முன்னால் இருந்த ஒருத்தி திரும்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம், "தலைவரு ஆயிட்டாரு இல்ல, வரிசையில நிக்க வெக்கம்" என்றாள். அவனுக்கும் கேட்டிருக்கும். முழங்காலிலேயே இருந்தான். சாமியார் அவனை வர வேண்டாம் என்று சொன்னாரா, அவனே அப்படி முடிவு செய்தானா, எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. சாமியாரும் தட்டைக் கையில் பிடித்தபடி ஒரு முறை கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

எனக்கு எந்தத் தடையும் இல்லை. நான் ஒரு காகிதத்திலும் எதையும் மறுக்கவில்லை. பள்ளிக்கூடத்து ரெஜிஸ்தர் முதல் சாதிச் சான்றிதழ் வரை நான் கிறிஸ்தவன். சாமியாரிடம் சொன்ன பொய் இருந்தது, அதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. ஆனாலும் எழுந்தேன். பெஞ்சை விட்டு வெளியே வர அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். அவன் கண்ணைத் திறக்காமல் முழங்காலை ஒதுக்கி வழி விட்டான்.

வரிசையில் நின்று வாங்கினேன். நாக்கில் வைத்தார், கரைந்தது. வழக்கம் போல ஒன்றும் தோன்றவில்லை. திரும்பி நடக்கும்போது அவனைப் பார்த்தேன். நெற்றியை முன் பெஞ்சின் கட்டையில் வைத்திருந்தான், தோள் ஆடிக்கொண்டிருந்தது. நான் சும்மா நடந்து போய் வாங்கி வந்ததற்காக ஒரு மனுஷன் அப்படி ஏங்கிக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு நாளும் அப்படி ஏக்கம் வந்ததில்லை. அவனை அந்த இடத்தில் உட்கார வைத்ததே நான்தான் என்று தெரிந்தும், பக்கத்தில் போய் முழங்காலிட்டபோது எனக்கு அவன் மேல் பொறாமையாகத்தான் இருந்தது.